ஐகோர்ட் உத்தரவு வந்து மூன்று மாதம் ஆச்சு, இட்டேரி இன்னும் திறக்கவில்லை

முருங்கைத்தோட்டம் எழுதியது:

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் காடு கரூர் மாவட்டத்தில், திருப்பூர் மாவட்ட எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மூன்றரை ஏக்கர். பாதி முருங்கை, மீதி மாடு மேயக் கொழுக்கட்டைப் புல். தார் ரோட்டிலிருந்து காட்டுக்குப் போக ஒரே தடம், ஒரு இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலம். அப்பாரு காலத்தில் பருத்தி மூட்டை இதே வழியில்தான் போனது.

போன தை மாதம் பங்காளி ஒருவர், முறைக்கு எனக்குப் பெரியப்பா மகன், கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டார். இட்டேரி இப்போது ஐந்தடி. பைக் போகும், டெம்போ போகாது. முருங்கைக்காய்க் கட்டை ஆள் வைத்துத் தலைச்சுமையாக ரோடு வரை கொண்டுவருகிறேன். விலை இறங்கிய வாரத்தில் காய் விற்ற காசு சுமைக்கூலிக்கே சரியாகப் போனது.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மூன்று தடவை மனுக் கொடுத்தேன். மூன்று மனுவும் தாசில்தாருக்கு அனுப்பியதாகக் குறுஞ்செய்தி மட்டும் வந்தது. கடைசியில் ஒரு வக்கீலைப் பிடித்து மதுரை ஐகோர்ட்டில் ரிட், அதாவது அதிகாரிக்கு உத்தரவு போடச் சொல்லிக் கேட்கிற மனு, போட்டேன். ஜூன் 11 அன்று உத்தரவு. இரண்டரைப் பக்கம். தாசில்தார் என் மனுவை, எல்லாத் தரப்புக்கும் வாய்ப்புக் கொடுத்து, தகுதியின் அடிப்படையில் 8 வாரத்துக்குள் பைசல் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கேஸ் ஜெயித்துவிட்டது என்று அம்மா மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார்.

8 வாரம் ஆகஸ்ட் 6 அன்றே முடிந்தது. இன்று செப்டம்பர் 18. வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) கூட எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால், "அப்படி ஒரு உத்தரவு எங்களுக்கு வரலையே" என்கிறார்கள். ஐகோர்ட் உத்தரவு வரவில்லை என்று சொல்ல முடியுமாங்க? கோர்ட் அவமதிப்பு போடலாமா?

அப்புறம் இன்னொன்று. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பட்டா யார் பேரில் இருக்கிறதோ நிலம் அவருக்குத்தான், ஐகோர்ட் அதிரடித் தீர்ப்பு என்று. பங்காளி அதைக் காட்டித்தான், "இட்டேரியும் என் பட்டாவுக்குள் வருது, நீ எங்கே வேணா போ" என்கிறார். நாங்களே ஜே.சி.பி. வைத்து வேலியை எடுத்துவிடலாம் என்று மச்சான் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாராபுரத்தான் எழுதியது:

இதுக்கு எதுக்குங்க யோசனை? நாளைக்கே கன்டெம்ட் போடுங்க. தாசில்தார் கோர்ட்டில் வந்து கையைக் கட்டி நின்றால்தான் வேலை நடக்கும். எங்கள் சித்தப்பா கேசில் அப்படித்தான் ஒரே வாரத்தில் அளந்தார்கள். ஆனால் நாங்கள் சென்னைக்குப் போனோம், நீங்கள் ஏன் மதுரைக்குப் போனீர்கள் என்று புரியவில்லை.

ஓய்வுபெற்ற குமாஸ்தா எழுதியது:

தம்பி, நான் 34 வருஷம் கரூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். முதலில் தாராபுரத்துக்காரருக்கு. கொங்கு நாடு ஒன்றுதான், ஆனால் கோர்ட் கணக்கில் அது இரண்டு. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் எல்லாம் சென்னை. கரூர் மதுரைக் கிளை. 2004 ஜூலையில் கிளை திறக்கும் வரை நானும் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போனவன்தான். அப்புறம் விடிகாலை பஸ், திண்டுக்கல் வழியாக மதுரை, அங்கிருந்து ஒத்தக்கடை. ஆனைமலை தெரிந்தால் கோர்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவர் மதுரைக்கும் அந்தப் பக்கம் இருப்பவர் சென்னைக்கும் போவது எல்லையோர ஊர்களில் சகஜம்.

இப்போது உங்கள் விஷயம். உத்தரவின் கடைசிப் பத்தியை எடுத்துத் திரும்பப் படியுங்கள். "8 வாரத்துக்குள்" என்பதை ஒட்டி முன்னாலோ பின்னாலோ, "இந்த உத்தரவின் நகல் கிடைக்கப்பெற்ற நாளிலிருந்து" என்று இருக்கும். இந்த மாதிரி உத்தரவில் பெரும்பாலும் இருக்கும். நகலைத் தாசில்தாரிடம் எப்போது கொடுத்தீர்கள்? யார் வாங்கியது? வாங்கியதற்கு சீல் எங்கே? நீங்கள் எழுதியதில் இது எதுவுமே இல்லை. கோர்ட்டே அனுப்பிவிடும் என்று நினைத்து சும்மா இருந்துவிட்டீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். என் மேஜைக்கு வந்த பத்துப் பேரில் ஆறு பேர் இப்படித்தான் வருவார்கள்.

நகல் போய்ச் சேரவில்லை என்றால் கெடு ஆரம்பிக்கவே இல்லை. கெடு ஆரம்பிக்காதபோது அவமதிப்பு எங்கிருந்து வரும்? வேண்டுமென்றே மீறினால்தான் அவமதிப்பு. "எங்களுக்கு வரலையே" என்று அவர்கள் சொல்வது கேட்கக் கடுப்பாக இருக்கும், ஆனால் கோர்ட்டில் நிற்கும்.

அடுத்தது அம்மா உடைத்த தேங்காய். வருத்தப்படாதீர்கள், இது ஜெயித்த கேஸ் இல்லை. தோற்கவும் இல்லை. உங்கள் மனுவைக் கையில் எடுத்து ஒரு முடிவு சொல்லு என்று மட்டும்தான் கோர்ட் தாசில்தாருக்குச் சொல்லியிருக்கிறது. முடிவு உங்களுக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. தகுதி பற்றி எந்தக் கருத்தும் சொல்லவில்லை என்று ஒரு வரி மேலேயே இருக்கும், பாருங்கள். பேப்பரில் "விவசாயிக்கு வழிவிட ஐகோர்ட் உத்தரவு" என்று தலைப்புப் போடுவார்கள், உள்ளே போனால் "பரிசீலிக்க" என்று இருக்கும். உச்ச நீதிமன்றம் 2008இல், நம்ம தமிழ்நாட்டுக் கனிமவளத் துறை ஊழியர் ஒருவரின் வழக்கில், சி. ஜேக்கப் வழக்கு என்பார்கள், இதைத்தான் விளக்கமாகச் சொன்னது. பரிசீலிக்கச் சொன்னதாலேயே மனுதாரருக்குப் புதிதாக ஒரு உரிமை முளைத்துவிடாது.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. நாளைக்குத் தாசில்தார் விசாரித்து, "தள்ளுபடி" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டால்கூட உத்தரவை நிறைவேற்றிய கணக்குத்தான். முடிவு தப்பு என்பதற்காக அவமதிப்பு போட முடியாது. அதைப் புதிதாகத்தான் எதிர்க்க வேண்டும். ஜே.எஸ். பரிஹார் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் விசாரணைக்குக் கூப்பிடும் நாளில் நீங்கள் கையில் என்ன காகிதத்தோடு போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என்ன காகிதம் என்றால், அந்த சர்வே நம்பரின் எல்லை அளவு காட்டும் எப்.எம்.பி. வரைபடம், நிலம் என்ன வகை, யார் பேரில் என்று காட்டும் அ-பதிவேட்டு நகல். இட்டேரி அ-பதிவேட்டில் வண்டிப்பாதை புறம்போக்கு (அரசு நிலம்) என்று தனி உட்பிரிவாக இருந்தால், பங்காளி பட்டாவைத் தலைகீழாகக் காட்டினாலும் அது அவருடையது ஆகாது. தாசில்தார் 1905ஆம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கி, 6ஆம் பிரிவில் எடுக்கலாம். ஆனால் அந்த இட்டேரி அவர் பட்டாவுக்குள்ளேயே ஓடுகிறது என்றால் தாசில்தாருக்கும் அதிகாரம் இல்லை, ரிட்டிலும் தீராது. முன்சீப் கோர்ட்டில் பாத்தியதை உரிமை, அதாவது அடுத்தவர் நிலத்தில் வழி நடக்கிற உரிமை, கேட்டு வழக்குத்தான். 1882ஆம் வருஷச் சட்டம், 15ஆம் பிரிவு, 20 வருஷம் தடையில்லாமல், உரிமையாக, வெளிப்படையாக நடந்திருக்க வேண்டும். உங்கள் அப்பாருவின் பருத்தி மூட்டை அங்கேதான் உதவும். அதைப் பார்த்த பெரியவர் யாராவது சாட்சி சொல்ல இருக்கிறாரா?

நம்ம பக்கத்து இட்டேரிகள் பாதி புறம்போக்கு, பாதி பட்டா என்று கலந்து கிடக்கும். ரோட்டிலிருந்து முதல் பர்லாங் புறம்போக்கு, அப்புறம் பட்டா என்று இருந்தால் இரண்டு இடத்திலும் ஏற வேண்டிவரும். முதலில் வரைபடத்தைப் பாருங்கள்.

அந்த வாட்ஸ்அப் தீர்ப்பை அழித்துவிடுங்கள். பட்டா உரிமை மூலம் ஆகாது என்பது பழைய சங்கதி. உரிமைத் தகராறு பெரிதாக இருந்தால் வருவாய்த் துறை முடிவு செய்யக் கூடாது, சிவில் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று விஷ்வாஸ் புட்வேர் வழக்கில் 2011இல் நம்ம ஐகோர்ட் டிவிஷன் பெஞ்சே சொல்லியிருக்கிறது. 1983ஆம் வருஷப் பட்டா பாஸ்புக் சட்டம் 14ஆம் பிரிவிலேயே சிவில் கோர்ட்டுக்கு வழி இருக்கிறது.

முருங்கைத்தோட்டம் எழுதியது:

ஐயா, நகல் பீரோவில் இருக்கிறது. பட்டுச் சேலைக்கு அடியில் அம்மா வைத்திருந்தார். நான் தாசில்தார் ஆபீசில் செல்போனில் போட்டோதான் காட்டினேன். நீங்கள் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது, நகல் கிடைத்த நாளிலிருந்து என்று. மூன்று மாதமாக இதைப் படிக்காமல் இருந்திருக்கிறேன்.

அ-பதிவேடு பார்த்தேன். ரோட்டை ஒட்டிய பாகம் வண்டிப்பாதை என்றுதான் இருக்கிறது. எங்கள் காட்டுக்கு முன்னால் இருக்கிற கடைசி நூறடிதான் பங்காளி பட்டாவில் வருகிற மாதிரி தெரிகிறது. வேலி போட்டது பெரும்பாலும் வண்டிப்பாதைப் பாகத்தில்.

ஈரோட்டு வக்கீல் எழுதியது:

குமாஸ்தா ஐயா சொன்னதற்கு மேல் சிவில் பக்கம் எனக்கு ஒன்றுமில்லை. ஜே.சி.பி. பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மச்சான் பேச்சைக் கேட்டு வேலியில் கை வைக்காதீர்கள்.

கை வைத்த அன்று சாயங்காலம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பங்காளி ஸ்டேஷனுக்குப் போவார். எப்.ஐ.ஆரில் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 296(பி) ஆபாசப் பேச்சு, 115(2) அடி, 351(2) மிரட்டல் என்று வரிசையாக ஏறும், வேலிக்காக 324, சொத்துச் சேதம், அதுவும் சேரும். முதல் மூன்றும் பழைய ஐ.பி.சி.யின் 294(பி), 323, 506(1). ஊர்த் தகராறு என்றால் எங்கள் பக்கத்தில் இந்த எண்கள் அச்சடித்த மாதிரி வரும். அதற்கப்புறம் வழிக்காக அலைந்த நீங்கள் வாய்தாவுக்கு அலைவீர்கள். சிவில் தகராறுக்குக் கிரிமினல் சாயம் பூசியிருந்தால் ஐகோர்ட் ரத்து செய்யும், உண்மைதான். 2012இல் பரம்ஜீத் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியைக் காட்டியிருக்கிறது. இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 528ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். ஆனால் நிஜமாகவே வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பொய்க் கேஸ் என்று எப்படிச் சொல்வீர்கள்?

பங்காளி முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு ஏதாவது வாங்கியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால் தாசில்தார் அதைக் காட்டியே ஒதுங்கிக்கொள்வார்.

திருப்பூர் பனியன் எழுதியது:

தீர்ப்பை பார்வர்டு பண்ணுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூலப் பத்திரத்தின் ஒரிஜினல் இல்லை என்று சார்பதிவாளர் ஆபீஸ் ஒன்றில் என் கிரயத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரிஜினல் கேட்கிற 55-ஏ பதிவு விதி, ஐகோர்ட்டும் சரி என்றுவிட்டது என்று குரூப்பில் ஆளாளுக்கு அனுப்பினார்கள். நானும் நம்பி ஒரு வருஷம் விட்டுவிட்டேன். 2025 ஏப்ரலில் கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 55-ஏ (i) செல்லாது, பதிவுச் சட்டம் அப்படி அதிகாரம் தரவில்லை என்று சொன்னது. அதை மட்டும் ஒருத்தரும் அனுப்பவில்லை.

முருங்கைத்தோட்டம் எழுதியது:

இன்று திங்கள், செப்டம்பர் 22. சான்றிட்ட நகலோடு எப்.எம்.பி., அ-பதிவேடு, வேலியின் நாலு போட்டோ வைத்து ஒரு கடிதம் எழுதித் தாசில்தார் ஆபீஸ் தபால் பிரிவில் கொடுத்து, இன்னொரு காப்பியில் சீல் வாங்கிவிட்டேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் ஒன்று போட்டிருக்கிறேன். தடையுத்தரவு எதுவும் இல்லை என்று வக்கீல் பார்த்துச் சொன்னார். மச்சான் இரண்டு நாளாகப் பேசுவதில்லை.

ஓய்வுபெற்ற குமாஸ்தா எழுதியது:

நல்லது தம்பி. 56 நாள் கணக்கு, நவம்பர் 17 வரை. அதற்கப்புறமும் அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் பதில் இல்லை என்றால் அவமதிப்பு மனு. அதற்கு ஒரு வருஷம் டைம் இருக்கிறது, 1971ஆம் வருஷச் சட்டம் 20ஆம் பிரிவு. ஆனால் அதுவரை வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால், சேற்றில் அளக்க முடியாது என்று சர்வேயர் கார்த்திகைக்குத் தள்ளுவார். அக்டோபர் முதல் வாரத்திலேயே போய் அளவுத் தேதி கேளுங்கள். அளக்கிற அன்று பங்காளிக்கும் நோட்டீஸ் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சொல்லாமல் அளந்தால் அந்த ஒரு காரணமே அவருக்குப் போதும். பருத்தி வண்டி ஓட்டின பெரியவர் யாராவது இருந்தால் அன்றைக்கு அவரையும் ஒரு கட்டிலைப் போட்டு இட்டேரி ஓரத்தில் உட்கார வையுங்கள்.