‘பினாங்கு மக்களுக்கு ஒரு காசும் செலவில்லை’: எல்.ஆர்.டி. பற்றிய விவாதம்

செபராங் பிறை வாசி:
பினாங்கில் கட்டப்படும் முத்தியாரா எல்.ஆர்.டி. (இலகு இரயில்) தடத்தைப் பற்றி ஜெலுத்தோங் செல்வன் நேற்று எழுதியதை அப்படியே எடுத்துத் தருகிறேன்: “முழுச் செலவையும் மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது. பினாங்கு மக்களுக்கு ஒரு காசும் செலவில்லை. இதற்கு மேலும் குறை சொல்கிறவர்களுக்கு மாநிலம் வளர்வது பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.” இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் இயலவில்லை. இத்திட்டத்தை, நகர இரயில் தடங்களைக் கட்டும் எம்.ஆர்.டி. நிறுவனத்தின் வழியாக மத்திய அரசாங்கமே எடுத்து நடத்தும் என்று போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் மார்ச் 2024-இல் அறிவித்தது உண்மைதான். ஆனால் மத்திய அரசாங்கத்தின் பணம் வானத்திலிருந்தா விழுகிறது? கோலாலம்பூரில் எம்.ஆர்.டி. கட்டுவதற்கு டானாஇன்ஃப்ரா என்ற அரசாங்க நிதி நிறுவனம் அரசாங்க உத்தரவாதத்துடன் கடன் பத்திரங்களை வெளியிட்டுத்தான் பணம் திரட்டியது. அந்தக் கடனை அடைப்பவர்களில் எம்.ஆர்.டி.யைக் கண்ணாலும் பார்க்காத பெர்லிஸ் நெல் விவசாயியும் இருக்கிறார். பட்டர்வொர்த்தில் வரி கட்டும் நானும் இருக்கிறேன். அந்த ஒரு காசை யார் தருகிறார் என்று செல்வன் முதலில் சொல்லட்டும். வளர்ச்சியைப் பற்றிப் பிறகு எங்களுக்குப் பாடம் நடத்தலாம்.

ஜெலுத்தோங் செல்வன்:
நான் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியதிலிருந்து இந்தத் தீவின் தொழிற்சாலைகள் நாட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தக் காலத்தில் தலைநகருக்குக் கிடைத்தவற்றைப் பாருங்கள். 1996-இல் ஸ்டார் எல்.ஆர்.டி., 1998-இல் புத்ரா எல்.ஆர்.டி., 2003-இல் மோனோரயில், 2017-இல் முழுமையடைந்த காஜாங் எம்.ஆர்.டி. தடத்துக்கு ஏறத்தாழ 2,100 கோடி ரிங்கிட், அதன்பின் புத்ராஜெயா தடத்துக்கு 3,000 கோடிக்கு மேல். நமக்கு வந்ததோ 2007-இல் ரேப்பிட் பினாங்கு பேருந்துகள் மட்டுமே. இப்போது 29.5 கிலோமீட்டருக்கு ஒரு தடம் வருகிறது, 2025 ஜனவரி 11-ஆம் தேதி பிரதமரே வந்து பணியைத் தொடங்கிவைத்திருக்கிறார், மாநிலத்தின் தலையில் கட்டப்படவிருந்த சுமையும் இறங்கியிருக்கிறது. இதை வரவேற்க மனம் இல்லாதவர்கள்தான் காசுக் கணக்கைக் கிளறுகிறார்கள்.

செபராங் பிறை வாசி:
தலைநகரின் தண்டவாளங்களுக்கு நம்முடைய வரிப்பணம் போனது என்று நீங்களே வாதாடுகிறீர்கள். அங்கே போனது நம் பணம் என்றால் இங்கே வருவதும் நம் பணம்தானே? அப்படியிருக்க ‘ஒரு காசும் செலவில்லை’ என்று எப்படி எழுத முடிந்தது?

கிள்ளான் நடராசன்:
பினாங்குக்காரர்கள் இருவரும் தலைநகரத்தை வம்புக்கு இழுக்காமல் பேச முடியாதா? ஸ்டாரும் புத்ராவும் தனியார் முதலீட்டில் தொடங்கிக் கடனைக் கட்ட முடியாமல் திணறியதால், 2002-இல் அரசாங்கம் அவற்றை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. கிள்ளானுக்கு வர வேண்டிய எல்.ஆர்.டி. 3 திட்டத்தின் செலவை 2018-இல் 3,165 கோடி ரிங்கிட்டிலிருந்து 1,663 கோடியாகக் குறைத்தபோது ஐந்து நிலையங்களை எங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அவற்றைத் திரும்பக் கட்டுவதற்கு ஒப்புதல் கிடைக்க ஐந்து ஆண்டுகள் காத்திருந்தோம். புறக்கணிக்கப்பட்டது நீங்கள் மட்டும்தான் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள்.

ஜெலுத்தோங் செல்வன்:
நிலையத்தை எடுத்துவிட்டார்கள் என்று வருந்துவதற்கு முதலில் உங்களுக்கு நிலையம் என்று ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. எங்களுக்கு அதுவும் இருந்ததில்லை.

தெலுக் கும்பார் மீனா:
அண்ணன்மார் மன்னிக்க வேண்டும். இந்தப் பேச்சில் கடலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 2015-இல் எஸ்.ஆர்.எஸ். என்ற கட்டுமான நிறுவனங்களின் கூட்டமைப்பை மாநில அரசாங்கம் நியமித்தபோது எங்கள் பகுதி மக்களிடம் என்ன சொன்னார்கள்? ஏறத்தாழ 4,600 கோடி ரிங்கிட் செலவாகும் போக்குவரத்துப் பெருந்திட்டத்துக்கு மாநிலத்திடம் பணம் இல்லை, ஆகவே தென்கடலில் மண்ணைக் கொட்டி மூன்று தீவுகளை எழுப்பி, அந்த நிலத்தை விற்றுத்தான் எல்.ஆர்.டி. கட்ட வேண்டும் என்றார்கள். பெர்மாத்தாங் டாமார் லாவுட், சுங்கை பத்து, தெலுக் கும்பார் மீனவர்கள் எதிர்த்தார்கள், முறையீடு செய்தார்கள். 2021-இல் மேல்முறையீட்டு வாரியம் சுற்றுச்சூழல் ஒப்புதலையே ரத்துச் செய்தது. பிறகு புதிய அறிக்கை, புதிய ஒப்புதல் என்று போய், 2023-இல் மூன்று தீவுகள் ஒன்றாகக் குறைந்தன. அந்த ஒன்றே 2,300 ஏக்கர். அதே ஆண்டில் மண் கொட்டவும் தொடங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே எல்.ஆர்.டி.க்கு மத்திய அரசாங்கம் பணம் தருகிறது என்ற அறிவிப்பு வருகிறது. எல்.ஆர்.டி.க்காகத்தான் கடலைத் தூர்க்கிறோம் என்றவர்கள், எல்.ஆர்.டி.க்கு வேறு வழியில் பணம் வந்த பிறகும் தூர்ப்பதை ஏன் நிறுத்தவில்லை? கரைக்கு அருகிலேயே இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இனி எரிபொருளுக்குக் கூடுதலாகக் காசு போட்டு ஆழத்துக்குப் போக வேண்டும். அந்தச் செலவு எந்த வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது?

செபராங் பிறை வாசி:
தங்கை மீனா கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், செல்வன். செலவில்லாத அந்த ஒரு காசு தெலுக் கும்பார் கடலுக்குள் கிடக்கிறது.

ஜெலுத்தோங் செல்வன்:
கடலைத் தூர்த்து எழுப்பும் அந்தச் சிலிக்கான் தீவு வேறு, எல்.ஆர்.டி. வேறு. பாயான் லெப்பாஸில் புதிய தொழிற்சாலைகளுக்கு இடம் இல்லை. மின்னணு நிறுவனங்கள் கேட்கும் நிலத்தைக் கொடுக்காவிட்டால் அவை வேறு நாட்டுக்குப் போய்விடும். மீனவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

தெலுக் கும்பார் மீனா:
வேறு வேறு என்கிறீர்கள். தடம் தொடங்கும் இடமே அந்தத் தீவுதான் என்பதையும், தீவை எழுப்பும் அதே எஸ்.ஆர்.எஸ். கூட்டமைப்புக்குத்தான் அந்தத் தீவிலிருந்து ஜார்ஜ்டவுன் நடுவிலுள்ள கொம்தார் வரைக்குமான 831 கோடி ரிங்கிட் ஒப்பந்தம் கிடைத்தது என்பதையும் நான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இழப்பீடு என்பது ஒருமுறை கைக்கு வரும் தொகை. கடல் என் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சோறு போட்டது.

பழைய ஜார்ஜ்டவுன்காரர்:
பிள்ளைகள் இத்தனை கோடிகளை அள்ளி வீசிப் பேசுவதைப் பார்க்கிறேன். இந்த நகரத்தில் 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் ஓடியது; 1961 வரை தள்ளுவண்டிகளுக்கு நடுவே டிராலிப் பேருந்துகளும் ஓடின. ஹால்குரோ என்ற ஆலோசனை நிறுவனம் முதலில் வகுத்துக் கொடுத்த திட்டத்தில் டிராமும் நல்ல பேருந்துச் சேவையும்தான் இருந்தன. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தலைக்கு மேலே தூண்களை நட்டு, செலவை ஏற்றி, யார் கொடுப்பது என்று இப்போது சண்டை போடுகிறீர்கள். அப்படியும் ஆயிர் ஈத்தாமுக்கு அது போகவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரும் இலட்சக்கணக்கான மக்களுக்கும் அதனால் பயனில்லை.

ஜெலுத்தோங் செல்வன்:
ஐயா, தைப்பூசம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. பாயான் லெப்பாஸ் நெரிசல் ஒவ்வொரு வேலை நாளும் வருகிறது. காலையில் ஜெலுத்தோங் சாலையில் கார்களுக்கு நடுவே டிராமையும் இறக்கிவிட்டால் இரண்டுமே நகராது. அந்தக் காலத்துச் சாலையில் எத்தனை கார்கள் இருந்தன?

பழைய ஜார்ஜ்டவுன்காரர்:
டிராமுக்குத் தனித் தடம் ஒதுக்கலாம் என்பதே தெரியாமல் பேசும் தம்பியிடம் நான் மேற்கொண்டு வாதிடப் போவதில்லை. உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற நகரத்தின் வாசலில் கான்கிரீட் தூண்கள் நிற்பதைப் பார்த்து உங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

செபராங் பிறை வாசி:
டிராம் பேச்சில் மூலக் கேள்வி மறைந்துவிட வேண்டாம். இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவில் ஏறக்குறைய 7 இலட்சத்து 94 ஆயிரம் பேர். பெருநிலத்திலுள்ள செபராங் பிறையில் 9 இலட்சத்து 46 ஆயிரம் பேர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் பிறையிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும், மாநில எல்லைக்கு அப்பாலுள்ள கூலிமிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் விடியுமுன் கம்பெனிப் பேருந்து ஏறிப் பாலத்தைக் கடக்கிறவர்களில் நம் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுடைய பெருநிலத்துக்குக் கிடைத்திருப்பது பட்டர்வொர்த்திலுள்ள பினாங்கு சென்ட்ரல் என்ற ஒரே ஒரு நிலையம். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அந்த நிலையத்துக்கு வந்து சேர நம்பத்தக்க பேருந்து வேண்டும். ஓட்டுநரைக் கூடுதலாக அமர்த்தி, பேருந்துகளைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக விடுவதற்கு ஆகும் பணம் இந்தக் கோடிகளுக்கு முன்னால் மிகச் சிறியது. அதைக் கேட்டால் மட்டும் ஒதுக்கீடு இல்லை என்கிறார்கள். வரியும் கட்டி, டோலும் கட்டி, நிலையத்துக்குப் போகத் தனிச் செலவும் செய்கிறவனைப் பார்த்து ‘ஒரு காசும் செலவில்லை’ என்று எழுதினால் கோபம் வராதா?

ஜெலுத்தோங் செல்வன்:
மாநிலத்தின் பழைய திட்டத்தில் தடம் கொம்தாரோடு முடிந்தது. கடலைத் தாண்டி உங்கள் ஊருக்கு அது வருவதே மத்திய அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகுதான். நன்றி சொல்ல வேண்டிய ஊர்க்காரரே குற்றம் சொல்வது எனக்கு விளங்கவில்லை. பேருந்து வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கோரிக்கை வையுங்கள்.

கிள்ளான் நடராசன்:
பேருந்து இல்லாத நிலையத்தால் பயனில்லை என்பதை நாங்கள் பட்டு அறிந்தவர்கள். எம்.ஆர்.டி. இணைப்புப் பேருந்துக்காக வெயிலில் நின்ற எங்களைக் கேட்டால் சொல்வோம். ஆனால் எங்களைக் கேட்கும் பழக்கம்தான் உங்கள் தீவில் இல்லையே.

செபராங் பிறை வாசி:
நன்றி யாருக்குச் சொல்வது, செல்வன்? என் பணத்தை என்னிடமே கொண்டுவந்து கொடுப்பவருக்கா? தடம் வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. 2031-இல் ஓடத் தொடங்கும் என்கிறார்கள், ஓடினால் ஏறுவேன். செலவு எவ்வளவு, அதில் கடன் எவ்வளவு, நடத்துவதில் நட்டம் வந்தால் மாநிலமா மத்தியமா தருவது, தீவு நிலத்தை விற்ற பணம் எங்கே போகும் என்பவற்றை மக்கள் முன் வைத்துவிட்டு இரயிலை ஓட்டட்டும். நீங்கள் அந்த ஒரு வரியை நீக்குங்கள்.

ஜெலுத்தோங் செல்வன்:
நீக்க மாட்டேன். மாநிலக் கருவூலத்திலிருந்து கட்டுமானத்துக்குப் பணம் போகவில்லை. ஆகவே பினாங்கு மக்களுக்கு ஒரு காசும் செலவில்லை.

தெலுக் கும்பார் மீனா:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

செபராங் பிறை வாசி:
எனக்கும் வரவில்லை, தங்கை. பதில் வரும்வரை அவர் எழுதும் ஒவ்வொரு பதிவின் கீழும் இதே கேள்வியைக் கேட்பேன்: அந்த ஒரு காசு யாருடையது?