புதுப்பிப்பு: டெக்சாஸ் நிலத்துக்கு வந்த எண்ணெய்க் குத்தகை

எங்கள் 40 ஏக்கருக்கு வந்த குத்தகையைப் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன்: ஏக்கருக்கு 400 டாலர் முன்பணம், எடுக்கும் எண்ணெயின் வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு ராயல்டி, 3 வருடம். பொறுக்கச் சொன்னவர்களுக்கு நன்றி.

கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பழைய பத்திரங்களைப் புரட்டினால், முன்பு விற்றவர் கனிம உரிமையில் (நிலத்தடி எண்ணெய்க்கான உரிமை) பாதியைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டிருக்கிறார். ஆக, முன்பணம் 20 ஏக்கருக்குத்தான். மனதில் கட்டிய புதுச் சமையலறை போச்சு!

அப்புறம் ரயில்ரோடு கமிஷன் வரைபடம். (பெயரில் ஏமாறாதீர்கள், இங்கே எண்ணெய்க் கிணறுகளைக் கண்காணிப்பது அதுதான்.) இரண்டு மைல் தள்ளிப் புதுக் கிணறுகள். பக்கத்து நிலத்துக்காரருக்கு ராயல்டி ஐந்தில் ஒரு பங்காம்.

வக்கீல் முக்கியமாகச் சேர்க்கச் சொன்னது, கிணறு இல்லாத பகுதியைக் குத்தகையிலிருந்து விடுவிக்கும் 'பியூ' ஷரத்து. அது இல்லாவிட்டால், ஒரு மூலையில் சின்னக் கிணறு ஓடினாலே 3 வருடம் கழிந்தும் மொத்த நிலமும் குத்தகையில் மாட்டிக்கொள்ளுமாம். ராயல்டியில் போக்குவரத்துச் செலவைக் கழிக்கக் கூடாது என்றும் எழுதினோம். கம்பெனி ஆள் முதலாவதற்குச் சரி என்றார், இரண்டாவதற்கு இழுக்கிறார்.

அவர் அனுப்பிய 'செக்' காசோலையே இல்லை, உரிமையைச் சரிபார்த்த பிறகே பணமாகும் டிராஃப்ட். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.