பெக் கரைசலில் முளைத்த பீன்ஸ் வறட்சியைத் தாங்குமா?

தாள்முளை:
பீன்ஸ் ரகங்களின் வறட்சித் தாங்குதிறனைப் பிரித்தறிய பெக் 6000 (பாலிஎதிலீன் கிளைகால்: நீரைப் பிடித்துவைத்து, விதைக்கு எளிதில் விடாத பொருள்) போதும் என்பது என் கட்சி. 25 டிகிரியில் லிட்டர் நீருக்கு 120 கிராம் கரைத்தால் அதன் நீரியல் திறன் (எண் கீழே போகப்போக வறட்சி கூடும்) −0.2 மெகாபாஸ்கல், 200 கிராமுக்கு ஏறக்குறைய −0.5. முளைப்புத்தாளில் விதையைச் சுருட்டி வைத்து, 5-ம் நாளும் 9-ம் நாளும் எண்ணினால் முடிந்தது. எல்லா ரகத்துக்கும் ஒரே வறட்சி. மண்ணில் இந்தச் சீர்மை கிடைக்காது.

ஈரமண்:
எதை எண்ணுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. முளைவேர் 2 மி.மீ. எட்டிப்பார்த்ததும் "முளைத்தது" என்று குறித்தால் அந்த எண் பாதிக் கதைதான். காய்ந்த விதையின் இழுவிசை பல பத்து மெகாபாஸ்கல், −0.5-லும் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். செல்கள் நீளும்போதுதான் சிக்கல். தண்டு முதலில் தேங்கும், வேர் இன்னும் கொஞ்சம் ஓடும். வேர்நீளம், தண்டுநீளம், உலர் எடை மூன்றும் இல்லாமல் ரகங்களை வரிசைப்படுத்தாதீர்கள்.

தாள்முளை:
அளவுகளைச் சேர்க்கிறேன். ஆனால் மண்தொட்டியில் விதைத்துப் பார்க்கும் உங்கள் முறை மட்டும் சரியா? மண் பிடிக்கக்கூடிய நீரில் "40% ஈரம்" என்று மேலிருந்து ஊற்றினால் மேல்மண் முழுக்க நனையும், அடிமண் காய்ந்தே கிடக்கும். அந்த 40% தாளில் எழுதிய கணக்கு மட்டுமே.

ஈரமண்:
ஊற்றினால் அப்படித்தான் ஆகும். அதனால் ஊற்றக் கூடாது. மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்துங்கள். கிலோவுக்கு 250 கிராம் நீர் பிடிக்கும் மண் என்றால், 40%-க்கு 100 கிராம். அதைத் தெளித்துப் பிசைந்து, மூடிய பையில் ஒருநாள் வைத்து, அப்புறம் தொட்டியில் நிரப்பி 3 செ.மீ. ஆழத்தில் விதைக்கலாம்.

விதையுறை:
ஒன்று சேர்க்கிறேன்: களிமண்ணில் 40%-ம் மணலில் 40%-ம் ஒரே வறட்சி அல்ல. அதைவிடப் பெரிய ஓட்டை உங்கள் இருவரின் ஒப்பீட்டுத் தட்டிலும் (பெக் இல்லாமல் வெறும் நீரில் முளைக்கவைப்பது) இருக்கிறது. 8% ஈரமுள்ள விதையை வெறும் நீரில் போட்டால் வேகமாக உறிஞ்சி வித்திலை வெடிக்கும், உள்சத்து கசியும். மிதமான பெக் அந்த வேகத்தைத் தணிப்பதால், "வறட்சி"த் தட்டு வெறும் நீர்த்தட்டை முந்திவிடும்! அதைத் தாங்குதிறன் என்று படிப்பது பெரும் பிழை. அதனால் சோதனைக்கு முன், அடியில் நீருள்ள மூடிய டப்பாவில், நீர் படாமல் மேலே வலையில் விதையை வையுங்கள். அந்த 8% ஈர விதை 100 கிராம் 105.7 ஆனதும் எடுங்கள். அது 13% ஈரம்.

தாள்முளை:
இதை ஏற்கிறேன், நல்ல திருத்தம். இன்னொன்று: விதை நீரை மட்டும் குடித்து பெக்கை விட்டுவிடும், கரைசல் கெட்டியாகும்; இரண்டு நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும். ஆனாலும் நூற்றுக்கணக்கான ரகங்களைச் சலிக்கத் தாளே முதல் சல்லடை.

ஈரமண்:
சல்லடையில் தங்கியதைத் தூக்கி எறியாதீர்கள். 9-ம் நாள் முளைக்காதவற்றைக் கழுவி வெறும் நீருக்கு மாற்றி இன்னும் 5 நாள் பாருங்கள். அப்போது முளைத்தால் அது சாகவில்லை, காத்திருந்தது. வேர் நீண்டபின் மண் காய்ந்தால் நாற்றுக்கு மீட்சி இல்லை. அந்த நிலையில் காத்திருந்த விதைதான் பிழைக்கும்.