பொருள்: [நாடகக் கலைச்சொல்] பிளாக்ஃபேஸ் – தமிழில் என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாடகச் சொற்பட்டியலில் ‘பிளாக்ஃபேஸ்’ (வெள்ளை நடிகர் பூச்சு பூசிக் கறுப்பினத்தவராக வேடமிடும் வழக்கம்) இன்னும் ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. ‘கருமுக ஒப்பனை’ என்று வைக்கலாமா? கேட்டவுடன் விளங்குகிறது, கறுப்பினத் தளபதியை நாயகனாகக் கொண்ட ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகம் பற்றிய கட்டுரைகளில் இயல்பாகவும் பொருந்துகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

----
மறுமொழி:

ஐயா, நிறத்தை வைத்துப் பெயரிட்டால் இரண்டு பக்கமும் இடிக்கும்.

நம் ஊர்க் காளி வேடத்துக்கும் முகத்தில் கருப்புப் பூசுவதுண்டு. நாம் பெயர் தேடும் வழக்கத்தோடு அதற்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை. எதிர்ப்பக்கம் பாருங்கள்: 1814இல் லண்டனில் ஒத்தெல்லோவாக நடித்த எட்மண்ட் கீன், கரும்பூச்சை விட்டு வெளிர்பழுப்பு பூசினார். முகம் கருப்பாக இல்லை. ஆனாலும் வெள்ளையர் ஒருவர் ஆப்பிரிக்க மூர் இனத்தவராக வேடமிடும் வழக்கம் அப்படியே நீடித்தது. ‘கருமுக ஒப்பனை’ காளியை உள்ளே இழுத்துக்கொண்டு கீனை வெளியே தள்ளிவிடும்.

‘ஒப்பனை’யும் போதாது. 1964இல் லண்டன் தேசிய நாடக அரங்கில் லாரன்ஸ் ஒலிவியே ஒத்தெல்லோவாக நடித்தார். உடல் முழுக்கக் கருப்பு, அதன்மேல் பழுப்பு, பிறகு அரை கெஜம் ஷிஃபான் துணியால் தோல் பளபளக்கும் வரை தேய்ப்பு. இதை அவரே விவரித்திருக்கிறார். அதோடு குரலைத் தாழ்த்தினார், நடையையும் மாற்றினார். பூச்சை மட்டும் கழுவிவிட்டால் மிச்சமெல்லாம் மேடையிலேயே இருக்கும். ஆகவே ‘வேடம்’தான் சரி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1833இல் கோவென்ட் கார்டன் அரங்கில் கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் ஒத்தெல்லோ ஆனார். சில இதழ்கள் அவர் நிறத்தைச் சொல்லியே தாக்கின. இரண்டே மேடையேற்றங்களோடு அங்கே நின்றுபோனது. 1943இல் தொடங்கி நியூயார்க்கின் பிராட்வேயில் கறுப்பின நடிகர் பால் ராப்சன் அதே பாத்திரத்தை 296 முறை நடித்தார். அதற்குப் பிறகும் ஒலிவியே அப்படி வேடமிட்டார் என்றால், ஆள் கிடைக்காததால் வந்த வழக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. யார் முகத்தை யார் அணிகிறார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். என் முன்மொழிவு: ‘இனவேடம்’.

----
மறுமொழி:

‘வேடம்’ எனக்கும் சம்மதம். ‘இனவேடம்’ என்றால் ராப்சன் போட்டதும் இனவேடம் என்று ஒருவர் வாதிடலாம். ‘அயல்’ சேர்த்தால் அந்த ஓட்டை அடைபடும்: அயலின வேடம். வினை: அயலின வேடமிடு. இதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, பிளாக்ஃபேஸுக்குக் ‘கறுப்பின வேடம்’, ஆல்ட்ரிட்ஜ் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நடிக்க வெண்பூச்சு பூசியதற்கு ‘வெள்ளையின வேடம்’ என்று கிளைகளைப் பிரிக்கலாம். இரண்டும் இலக்கணத்தில் இணை, வரலாற்றில் இணையில்லை; முன்னது ஓர் இனத்தாரை மேடைக்கு வெளியே நிறுத்திவைத்தது என்பதை விளக்கக் குறிப்பில் கட்டாயம் எழுத வேண்டும்.

கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிப்பாடிய அமெரிக்க மின்ஸ்ட்ரல் காட்சிகளை இதற்குள் அடக்காதீர்கள். அங்கே தக்கையைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, நீரில் குழைத்துப் பூசினார்கள். வாயைச் சுற்றி வெள்ளையோ சிவப்போ விட்டு உதட்டைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். கேலி செய்வதற்கென்றே கட்டிய வேடம் அது. ‘கரிமுகக் கேலிக்கூத்து’ என்று தனிப் பதிவாக இருக்கட்டும். நண்பர் சொன்ன ‘முக’மும் அங்கே பொருந்திவிடுகிறது.

சோதனை வாக்கியம்: “2015இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா, ஒத்தெல்லோவில் கறுப்பின வேடத்தைக் கைவிட்டது.” தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

தேடலுக்காகக் ‘கறுப்பின’, ‘கருப்பின’ இரண்டு எழுத்துக்கூட்டலையும் பதிவில் சேர்த்துவிடுங்கள். அடுத்து நிறம் பாராமல் நடிகரைத் தேர்வதற்கு ஒரு சொல் வேண்டும். தனி இழையில் தொடங்குகிறேன்.