தோள் எம்ஆர் ஆர்த்ரோகிராம்: 73221-ஆ, 73222-ஆ?

வணக்கம். அமெரிக்க ரேடியாலஜி கோடிங்கில் (ஸ்கேன்களுக்குப் பில் போட எண் கோட் கொடுக்கும் வேலை) சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. ஃப்ளூரோஸ்கோப்பி (நேரடி எக்ஸ்ரே) பார்த்து வலது தோள் மூட்டுக்குள் கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை (படத்தில் தெளிவாகத் தெரியச் செலுத்துவது) செலுத்தி, அப்புறம் எம்ஆர்ஐ எடுத்திருக்கிறார்கள், அதாவது எம்ஆர் ஆர்த்ரோகிராம். நரம்பில் எதுவும் ஏற்றவில்லை. அதனால் கான்ட்ராஸ்ட் இல்லாதது என்று 73221 போட்டேன். ஆடிட்டில் தப்பு என்று வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் நிறைய சீக்வென்ஸ் (தனித்தனி படத் தொகுப்பு) இருக்கிறது, 73223 போட வேண்டுமோ?

பதில் 1:
நரம்பு வழி மட்டும்தான் கான்ட்ராஸ்ட் என்று நினைத்ததில்தான் சறுக்கல். மூட்டுக்குள் செலுத்தினாலும் சிபிடி (இந்த அமெரிக்கக் கோடுகளின் தொகுப்பு) கணக்கில் அது கான்ட்ராஸ்ட்தான். வாய்வழி மட்டும் கொடுத்தால் அது சேராது. ஊசிக்கு முன்னால் ஒரு முறை எடுத்து, பின்னாலும் எடுத்திருந்தால்தான் 73223. சீக்வென்ஸ் எத்தனை என்பது பொருட்டே இல்லை. உங்கள் கேஸில் எல்லாமே ஊசிக்குப் பிறகு என்றால் 73222. ஊசிக்கு 23350, ஃப்ளூரோவுக்கு 77002. வலது பக்கம் என்று காட்டக் கோடோடு சேர்க்கும் ஆர்டி மாடிஃபையரை மறக்காதீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் 73040-ஐயும் கூடவே போட்டுவிடாதீர்கள், நான் ஒருமுறை போட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன். எக்ஸ்ரே ஆர்த்ரோகிராம் முறையாக எடுத்து, அதற்குத் தனியாக விளக்கமும் எழுதியிருந்தால்தான் 73040. அப்போது ஃப்ளூரோ அதற்குள்ளேயே அடக்கம், 77002 வராது. ஊசி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஓரிரு படங்களை வைத்து 73040 கேட்க முடியாது.

கேட்டவர்:
நன்றி சார். எக்ஸ்ரே விளக்கம் எதுவும் இல்லை, ஆக 77002. ஆஸ்பத்திரியில் செய்தது, நாங்கள் டாக்டர் தரப்புக்கு மட்டும் பில் போடுகிறோம். மூன்றுக்கும் டாக்டர் பங்கு மட்டும் என்று காட்டும் 26 மாடிஃபையரைச் சேர்க்கலாமா?

பதில் 1:
73222, 77002 இரண்டுக்கும் மட்டும். 23350 சர்ஜரி பகுதிக் கோட், அதற்கு 26 ஒட்டாது.

கேட்டவர்:
இன்னொன்று. மேல்கையில் கட்டி என்று ஹ்யூமரஸ் (மேல்கை எலும்பு) எம்ஆர்ஐ, கான்ட்ராஸ்ட் இல்லை. ஒரு ஓரத்தில் தோள் மூட்டும் தெரிகிறது. அதுவும் 73221-ஆ?

பதில் 2:
இல்லை, 73218, கையில் மூட்டு அல்லாத பகுதிக்கான கோட். மூட்டு படத்தில் விழுந்துவிட்டது என்பதற்காக அது மூட்டு ஸ்கேன் ஆகிவிடாது. எதைப் பார்க்க ஆர்டர் போட்டார்கள், டாக்டர் எதைப் படித்து எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். காலிலும் இதே கதைதான்: முழங்கால், கணுக்கால், இடுப்பு மூட்டு என்றால் 73721 வரிசை, தொடை, கெண்டைக்கால் என்றால் 73718 வரிசை. சிடியில் இந்தத் தலைவலி கிடையாது. மூட்டுக்கென்று தனிக் கோடே இல்லை, காலுக்கு எல்லாம் 73700 வரிசைதான்.

கேட்டவர்:
திருத்தி அனுப்பிவிட்டேன். 73222-26-ஆர்டி, 23350-ஆர்டி, 77002-26. ஆடிட்டர் ஏற்றுக்கொண்டார்.