சாலிட்வொர்க்ஸ் டிராயிங்: ஒரே ஒரு வியூவில் மட்டும் மூடியை மறைக்கணும்

கேள்வி: கொண்டலாம்பட்டி டிசைன்

வணக்கம். சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு பட்டறையில டிசைன் வேலை பார்க்கிறேன். சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிகளுக்கு மெஷின் செய்றோம். இப்ப கையில இருக்கிறது ஆத்தூர் பக்கம் போகப்போற ஒரு ராஸ்பர், அதாவது குச்சிக்கிழங்கு அரைக்கிற மெஷின். சாலிட்வொர்க்ஸ்ல (கம்ப்யூட்டர்ல 3டி-யா டிசைன் பண்ற சாஃப்ட்வேர்) மாடல் முடிஞ்சுது. டிராயிங்லதான் சிக்கல்.

நடுவில சுத்துற டிரம். டிரம் மேல வரிசையா பல்வாள் பிளேடு. டிரம்முக்குக் கீழ அரைவட்டமா வளைச்ச ஓட்டைத் தகடு. இது எல்லாத்தையும் போர்த்தின மாதிரி எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட்ல மூடி, ரெண்டு முனையிலும் பக்கத் தகட்டோட. ஃபிட்டருக்கு இதுல ரொம்ப முக்கியம் பிளேடு நுனிக்கும் ஓட்டைத் தகட்டுக்கும் நடுவுல இருக்கிற கேப். அது கூடினா கிழங்கு சரியா அரைபடாது, மாவு திப்பியோடயே போயிடும். குறைஞ்சா பிளேடு தகட்டுல உரசும். அந்த அளவை ஷாஃப்ட் முனைப் பக்கமா பார்க்கிற வியூவிலதான் போட முடியும். அங்கதான் மூடியோட பக்கத் தகடு மறைச்சுக்கிட்டு நிக்குது.

அசெம்ப்ளியில மூடி மேல மவுஸை வச்சு கீபோர்டுல டேப் கீயை அமுக்கினா மூடி மறையுது, ஆனா டிராயிங்ல இருக்கிற எல்லா வியூவிலும் போயிடுது. முன்பக்க வியூவிலும் ஐசோமெட்ரிக்கிலும் எனக்கு மூடி கண்டிப்பா வேணும். சப்ரெஸ் பண்ணினா, அதாவது அந்தப் பார்ட்டே இல்லாத மாதிரி ஆக்கினா, பில் ஆஃப் மெட்டீரியல்ல அந்த வரியே காணாம போகுது, எடையும் குறைஞ்சு காட்டுது. எங்க ஓனர் அந்த எடையை வச்சுத்தான் ஷீட் வாங்கறதும் லாரி பேசறதும். மறைகோட்டை ஆன் பண்ணினா போல்ட், பேரிங், கீ எல்லாம் புள்ளிக்கோடா வந்து அந்த கேப் எங்கன்னே தெரியல.

அந்த ஒரு வியூவில மட்டும் மூடியை எடுக்க வழி இருக்குங்களா? இன்னொண்ணு, ஹாப்பர் (கிழங்கு கொட்டற வாய்) வளைவுல தேவையில்லாத சில கோடு விழுது, அதை மட்டும் தனியா எடுக்கணும்.

பதில்: ஷீட்மெட்டல் தம்பி

புதுசா ஒரு கான்ஃபிகரேஷன் (அதே மாடலோட இன்னொரு வடிவம்) போட்டு அதுல மட்டும் மூடியை சப்ரெஸ் பண்ணுங்க. அந்த வியூவை அந்தக் கான்ஃபிகரேஷனுக்கு மாத்திட்டு, மெட்டீரியல் லிஸ்டை முழு கான்ஃபிகரேஷனோட வச்சுக்கிட்டா போதும். நான் அப்படித்தான் பண்றேன்.

பதில்: பழைய டிராஃப்ட்ஸ்மேன், சூரமங்கலம்

தம்பி சொன்ன வழி வேலை செய்யும். ஆனா ஒரு மூடியை மறைக்க அது வேண்டாம்மா. மூடியை சப்ரெஸ் பண்ணினா அதைப் பிடிச்சு மேட் (பார்ட்டோட பார்ட்டைப் பொருத்தற இணைப்பு) போட்ட கைப்பிடி, கிளாம்ப் எல்லாம் பிடி இல்லாம நிக்கும். நாளைக்கு மூடியில ஒரு இன்ஸ்பெக்ஷன் டோர் சேர்த்தா ரெண்டு கான்ஃபிகரேஷனையும் பார்த்துக்கணும். பொருளே வேற, அளவே வேறன்னா கான்ஃபிகரேஷன் போடுங்க. உங்க மெஷின்ல மூடி இருக்கு, ஒரு வியூவில பார்க்க வேண்டாம், அவ்வளவுதான். அப்ப அந்த வேலையை டிராயிங்லயே முடிச்சுடணும். மாடலைத் தொடவே கூடாது.

மொதல்ல அசெம்ப்ளிக்குப் போய், டேப்ல மறைச்சதை ஷிஃப்ட்-டேப் கொடுத்துத் திரும்பக் கொண்டு வந்துடுங்க. அது எங்க இருந்துச்சுன்னு தெரியலன்னா கன்ட்ரோல்-ஷிஃப்ட்-டேப்பை அமுக்கிப் பிடிங்க. மறைஞ்சதெல்லாம் கண்ணாடி மாதிரி மங்கலாத் தெரியும், வேணுங்கறதைக் கிளிக் பண்ணினா வந்துடும். சேவ் பண்ணுங்க.

இப்ப டிராயிங். ஷாஃப்ட் முனை வியூவில பக்கத் தகட்டோட ஒரு விளிம்பு மேல ரைட் கிளிக், ஷோ/ஹைட், அதுல ஹைட் காம்போனென்ட். அந்த ஒரு வியூவில மட்டும் மூடி போயிடும். மத்த வியூ அப்படியே இருக்கும், மெட்டீரியல் லிஸ்ட்டும் அசையாது. மூடியோட பலூனை (பார்ட் நம்பர் போடற வட்டம்) முன்பக்க வியூவில போட்டுக்குங்க, மறைச்ச வியூவில அதைப் பிடிக்க விளிம்பு இருக்காது.

திரும்ப வேணும்னா வியூ மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ் போங்க. அங்க விண்டோ மேல ஹைட்/ஷோ காம்போனென்ட்ஸ்னு இருக்கிற டேப்ல மறைச்ச பார்ட் எல்லாம் பேரோட நிக்கும். வேண்டியதைப் பட்டியல்ல இருந்து டிலீட் பண்ணினா பார்ட் வியூவுக்குத் திரும்பிடும். டிலீட்னு பார்த்துட்டுப் பயப்பட வேண்டாம், அழியறது மறைச்ச குறிப்பு மட்டும்தான். அடுத்தவங்க வரைஞ்ச டிராயிங் கைக்கு வந்தா நான் மொதல்ல திறந்து பார்க்கிற இடம் இதுதான்.

அதே ப்ராப்பர்டீஸ்ல பக்கத்துலயே ஷோ ஹிட்டன் எட்ஜஸ்னு இன்னொரு டேப் இருக்கும். பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க. வியூவை மறைகோடு இல்லாம வச்சுட்டு, அந்த டேப்ல டிரம்மையும் ஓட்டைத் தகட்டையும் மட்டும் சேர்த்தா, அந்த ரெண்டுக்கு மட்டும் புள்ளிக்கோடு வரும். போல்ட்டும் பேரிங்கும் வராது. மூடியை மறைக்காமலே வேலை முடியும். ஆனா உங்களுக்கு அந்த கேப்புக்கு அளவு போடணும். புள்ளிக்கோட்டுல இருந்து புள்ளிக்கோட்டுக்கு அளவு போடறது நல்ல பழக்கம் இல்ல, அதனால உங்க வியூவுக்கு மூடியை மறைக்கறதே சரி. மூடியில ஒரு பகுதியை மட்டும் உடைச்சுக் காட்டினா போதும்னா ப்ரோக்கன்-அவுட் செக்ஷன் போடுங்க. வளைகோட்டால சுத்தி, ஆழம் கொடுத்தா அந்த இடம் மட்டும் திறக்கும். செக்ஷன் ஸ்கோப்ல (எது வெட்டுப்படக் கூடாதுன்னு சொல்ற இடம்) ஷாஃப்டை விலக்கிடுங்க, ஷாஃப்டை நீளவாக்குல வெட்டிக் காட்டறது வழக்கம் கிடையாது.

ஹாப்பர் கோடு சின்ன விஷயம். கோட்டைத் தொட்டதும் வர்ற சின்ன டூல்பார்ல ஹைட்/ஷோ எட்ஜஸ். வளைவு முடியற இடத்துல விழுற கோடா இருந்தா வியூவை ரைட் கிளிக் பண்ணி டேன்ஜென்ட் எட்ஜ்ல ரிமூவ்டு கொடுங்க, ஒவ்வொண்ணா எடுக்க வேண்டியதில்ல.

இனிமே சொல்றதுதான் எனக்கு முக்கியம். அந்த வியூவுக்குக் கீழ "தெளிவுக்காக மூடி காட்டப்படவில்லை"ன்னு ஒரு வரி எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க. பட்டறையில ஃபிட்டர் கைக்குப் போறது ஏ3 பேப்பர். அது மடிஞ்சு, கிரீஸ் பட்டு, பல சமயம் ஒரு ஷீட் மட்டும் தனியா மெஷின் பக்கத்துல ஒட்டியிருக்கும். முன்பக்க வியூ இருக்கிற ஷீட் வேற எங்கயோ கிடக்கும். மூடி இல்லாத வியூவை மட்டும் பார்க்கிறவன் மூடி இல்லாத மெஷினைத்தான் பார்க்கிறான். சுத்துற டிரம், பல்வாள் பிளேடு, கிழங்கு தள்ளுற ஆளோட கை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 21-வது பிரிவே இயந்திரத்துக்குத் தடுப்பு போடறதைப் பத்தித்தான் இருந்துச்சு. டிராயிங் போடறவங்களுக்கும் அதுல பங்கு இருக்கு.

போர்டும் டிராஃப்டரும் வச்சு வரைஞ்ச காலத்துல, எடுத்துட்ட மூடியோட வெளிக்கோட்டை மெல்லிசா, கோடு-புள்ளி-புள்ளின்னு சங்கிலிக்கோட்டுல விடுவோம். வெட்டுத்தளத்துக்கு முன்னாடி இருக்கிற பொருளுக்கு இன்னைக்கும் அதே கோடுதான். சாலிட்வொர்க்ஸ்ல அதுக்குப் பேர் ஃபேன்டம். மூடியை மறைச்சதுக்கப்புறம், வியூவுக்குள்ளயே ஸ்கெட்ச் போட்டு வெளிக்கோட்டை மட்டும் ஃபேன்டம்ல வரைஞ்சு விடுங்க. மூடியோட அளவு மாறினா அந்தக் கோடு தானா மாறாது, ரிவிஷன் போடும்போது பார்த்துக்கணும். அந்தச் சிரமத்தைப் பட்டுக்கலாம்னுதான் சொல்லுவேன்.

பதில்: மலைவீடு, ஏற்காடு

நான் சாலிட்வொர்க்ஸ் இல்ல, ஆட்டோகேட். ஏற்காட்டுல நாகலூர் பக்கம் காபித் தோட்டத்துக்குள்ள ஒரு வீட்டுக்கு இதே பிரச்சினை வந்துச்சு, அதனால எழுதறேன். சரிவான இடம், வீட்டைச் சுத்தி நிழலுக்கு நட்ட சில்வர் ஓக், அதுல மிளகுக் கொடி. சைட் பிளான்ல ஒவ்வொரு மரமும் இருந்தே ஆகணும், எதை வெட்டக் கூடாதுன்னு கொத்தனாருக்கு அதைப் பார்த்துத்தான் தெரியும். எலிவேஷன்ல (வீட்டை நேரா நின்னு பார்க்கிற படம்) அதே மரங்க தாங்குசுவரையும் சரிவு மட்டத்தையும் மறைச்சுடும்.

ஹைட்ஆப்ஜெக்ட்ஸ் கமாண்ட் வரையும்போது கைக்குச் சுலபம். ஆனா எந்த வியூபோர்ட்ல (தாள்ல ஒவ்வொரு படத்தையும் காட்டற சட்டம்) வேணும், எதுல வேண்டாம்னு அதுக்குப் பிரிக்கத் தெரியாது. ஃபைலை மூடித் திறந்தா மறைச்சதெல்லாம் திரும்ப வந்துடும், அதுவும் ஆப்ஜெக்ட்ஐசோலேஷன்மோட் பூஜ்யத்துல இருக்கிற வரைக்கும். அதனால மரத்துக்குத் தனி லேயர். எலிவேஷன் வியூபோர்ட்டுக்குள்ள டபுள் கிளிக் பண்ணிப் போய், லேயர் மேனேஜர்ல விபி ஃப்ரீஸ் பத்தியில மட்டும் உறைய வச்சேன். பிளான்ல மரம் நிக்குது, எலிவேஷன்ல சுவர் தெரியுது.

லேயரை ஆஃப் பண்றதும் ஃப்ரீஸ் பண்றதும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. ஆஃப்ல இருக்கிற மரம் கண்ணுக்குத்தான் தெரியாது. எரேஸ் கொடுத்து ஆல்னு அடிச்சா அதுவும் சேர்ந்து அழியும். ஃப்ரீஸ் பண்ணினது அதுல மாட்டாது.

பதில்: கொண்டலாம்பட்டி டிசைன்

அண்ணா, ரொம்ப நன்றிங்க. ஹைட் காம்போனென்ட் அப்படியே வேலை செஞ்சுது, பில் ஆஃப் மெட்டீரியல்ல மூடி வரி இருக்கு. கேப்புக்கு அளவு போட்டுட்டேன், கீழ தமிழ்ல குறிப்பும் எழுதிட்டேன். சங்கிலிக்கோட்டைப் பார்த்துட்டு எங்க ஃபிட்டர் அண்ணன், "மூடி இங்க வரைக்கும் வருமா, அப்ப கிரீஸ் நிப்பிளுக்குக் கை போகாதே"ன்னாரு. சரியாத்தான் சொன்னாரு. நிப்பிள் பேரிங் ஹவுசிங்ல மூடிப் பக்கமா இருக்கு. அதைத் திருப்பி வைக்கப் போறோம்.

ஒரே ஒரு சந்தேகம். வேலை செய்யறப்ப உள்ள பார்க்கறதுக்காக அசெம்ப்ளியில மூடியை அடிக்கடி டேப்ல மறைக்கிறேன். அப்ப எடை பார்த்தா தப்பா வருமா?

பதில்: பழைய டிராஃப்ட்ஸ்மேன், சூரமங்கலம்

ஃபிட்டர் சொன்னதை உடனே ரிவிஷன்ல ஏத்திடுங்க.

எடைக்கு: மாஸ் ப்ராப்பர்டீஸ் விண்டோவில, மறைஞ்ச பாடி, காம்போனென்ட்டையும் சேர்க்கவான்னு ஒரு டிக் பெட்டி இருக்கும். அதுல டிக் இருந்தா மறைச்ச மூடியும் கணக்குல வரும், இல்லாட்டி விட்டுப் போயிடும். ஓனருக்கு எடை சொல்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டியைப் பாருங்க. சப்ரெஸ் பண்ணினதை எந்த டிக்கும் திரும்பக் கணக்குல கொண்டு வராது.

அடிக்கடி உள்ள பார்க்கணும்னா டேப்பை நம்பாதீங்க. கான்ஃபிகரேஷன் மேனேஜரோட அடியில டிஸ்ப்ளே ஸ்டேட்ஸ் இருக்கும், எது தெரியணும் எது மறையணும்னு சேமிச்சு வைக்கிற இடம். அங்க "மூடி இல்லாம"ன்னு ஒண்ணு சேர்த்து, அதுல மட்டும் மறைச்சு வச்சுக்குங்க. மாத்தி மாத்தி டபுள் கிளிக் பண்ணிக்கலாம். டிராயிங் வியூ எல்லாம் மூடி இருக்கிற ஸ்டேட்லயே நிக்குதான்னு வியூவோட ப்ராப்பர்ட்டி மேனேஜர்ல ஒரு தடவை சரிபார்த்துட்டு அப்புறம் பிரிண்ட் கொடுங்க.