ரங்கூன் வீட்டு குரூப்பில் கார்த்தி போட்ட அரண்மனை போட்டோ

கார்த்தி: (போட்டோ) ஆபீஸ் வேலையா மகாராஷ்டிரால ரத்னகிரி வந்தேன், ஆட்டோக்காரர் இத காமிச்சு பர்மா ராஜா அரண்மனைன்றாரு. பெரியப்பா நெஜமா?

பெரியப்பா: நெஜந்தான்டா, திபா மன்னர். 1885ல வெள்ளைக்காரன் தலைநகரு மண்டலேல புடிச்சு மாட்டு வண்டில ஏத்தி கப்பலுக்கு கொண்டு போனான், மொதல்ல மெட்ராஸ்லதான் சில மாசம் வெச்சிருந்தாங்க, மூணாவது பொண்ணு 86ல இங்க மெட்ராஸ்லதான் பொறந்துச்சு, அப்புறந்தான் ரத்னகிரி. அந்த அரண்மனை 1910லதான் முடிஞ்சுது. 1916ல ஆளு போயிட்டாரு

செல்வி அத்தை: அட கடவுளே ஆறு வருஷம் இருக்கவா இவ்ளோ பெரிய வீடு 😔

கார்த்தி: வாரிசு இல்லயா

பெரியப்பா: ஆம்பளப் புள்ள தங்கல, நாலும் பொண்ணுங்க. கடைசிப் பொண்ணு ரோஷக்காரி, வெள்ளைக்காரன் குடுக்கற பென்ஷன வாங்கிக்கிட்டே 1931ல நாட்டையும் நகையையும் திருப்பிக் குடுன்னு அவனுக்கே எழுதுச்சு, விடுவானா, ரங்கூன்லருந்து மோல்மேனுக்கு தள்ளிட்டான், 36ல அங்கயே செத்துப் போச்சு. அது மகன் தாவ் பயாதான் பின்னாடி வாரிசுன்னு சொல்லப்பட்டவரு. பர்மாவுல மேமியோன்ற ஊர்ல இருந்தாரு, 2019ல 94 வயசுல காலமானாரு

திவ்யா: அரண்மனைய திருப்பிக் கேக்கலயா அவரு

பெரியப்பா: எத கேக்கறது, மண்டலே அரண்மனை 45ல சண்டைல எரிஞ்சுது, இப்ப நிக்கறது பின்னாடி கட்டினது. அவரு அக்கா ரங்கூன்ல இங்கிலீஷ் டியூஷன் எடுத்தாங்க

கார்த்தி: இங்க வேற கதை. மூத்த இளவரசிக்கும் அரண்மனைல வேல பாத்த மராத்திக்காரருக்கும் பொறந்த பொண்ணு டுட்டுன்னு, இதே ஊர்ல காகிதப் பூ செஞ்சு வரட்டி தட்டி வித்து பொழச்சிருக்காங்க. 2000ல இறந்துட்டாங்களாம்

செல்வி அத்தை: ராஜா பேத்தி வரட்டி தட்டுச்சா??

பெரியப்பா: ஏன் உங்கப்பா ரங்கூன்ல சொந்தக் கடை வெச்சிருந்தவரு, 64ல கப்பல்ல வந்து எறங்கி பீச் ஓரம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வண்டி தள்ளலயா

செல்வி அத்தை: அத ஏன்ணே இப்ப

பெரியப்பா: சரி விடு. கார்த்தி, ராஜா சமாதியும் அங்கதான் இருக்கு, 2016ல நூறாவது வருஷத்துக்கு அவங்க வம்சத்துக்காரங்க பர்மாலருந்து வந்து கும்புட்டுட்டு போனாங்க. ஒரு எட்டு போய்ட்டு வா, எனக்கு போட்டோ வேணும்

கார்த்தி: 4 மணிக்கு ட்ரெயின் பெரியப்பா

பெரியப்பா: ஆட்டோல போனா ஆகாதா

கார்த்தி: சரி கெளம்பிட்டேன். பூ ஏதாச்சும் வாங்கிக்கவா